அப்பா உள்ளே பேசிக்கொண்டிருக்கிறார்

பதினொன்று பத்துக்குக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே அப்பா, அவருக்கு எதிரே டாக்டர் ஹெப்சி. வெளியே, ஒன்றோடொன்று பிணைத்துப் போட்ட இரும்பு நாற்காலிகளில் மூன்றாவதில் உலகம்மாள். முதல் இரண்டும் காலியாகத்தான் கிடந்தன. ஆனாலும் போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் மூன்றாவதில்தான் உட்கார்ந்தாள், அதனால் இன்றைக்கும் மூன்றாவது. இந்த நாற்காலி விஷயத்தை டாக்டரிடம் சொன்னோமா? சொல்லவில்லை. அத்தனை கேள்விக்குப் பதில் சொன்னதில் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது சொல்லியாச்சு, வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தேடியது சொல்லியாச்சு, சுடிதாரின் கழுத்துக்குப் பின்னால் தைத்திருக்கும் துணித்துண்டை வெட்டி எறியாமல் எதையும் உடுத்தியதில்லை என்பதும் சொல்லியாச்சு, நாற்காலி விட்டுப்போச்சு. எழுந்து போய்க் கதவைத் தட்டி, டாக்டர், நாற்காலி, என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தால் என்ன? அதை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது, சத்தமாகவே. டோக்கன் எழுதுகிற பெண் நிமிர்ந்து பார்த்தாள். உலகம்மாள் உடனே கைப்பைக்குள் எதையோ தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டாள். காலையிலிருந்தே இப்படித்தான். இட்லி இறங்கவில்லை. கால் இரண்டும் தரையில் நிற்கவில்லை, நாற்காலிக்குக் கீழே அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. முப்பத்தாறு வயசில், மண் பரிசோதனை நிலையத்தில் பதினாலு வருஷம் சர்வீஸ் போட்ட பிறகு, பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு நோட்டீஸ் போர்டு முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். பயம்தானா இது? பயத்துக்கு இத்தனை சந்தோஷம் ஏது.

விஷயம் இதுதான். அவளுக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பெரியவர்களுக்குப் பார்ப்பதென்றால் அவர்கள் சொல்வது மட்டும் போதாதாம். பன்னிரண்டு வயசுக்கு முன்னால் எப்படி இருந்தார்கள் என்று கூட இருந்து பார்த்த ஒருவர் வந்து சொல்ல வேண்டும். கூட இருந்து பார்த்தது அம்மா. அம்மா இவளுடைய பத்தொன்பதாவது வயசில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணன் தங்கை யாரும் கிடையாது. அப்புறம் யார்? அரசுப் பேருந்தில் முப்பத்தொரு வருஷம் டிரைவராக இருந்த குத்தாலிங்கம்தான். பாபநாசம் வண்டி. விடியுமுன் கிளம்பிப் போய், பிள்ளை படுத்த பிறகு வருகிறவர். அவருக்கு என்ன தெரியும்? டாக்டர் கேட்டபோது அவள் அதைத்தான் சொன்னாள், அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது டாக்டர், அவர் பேசவும் மாட்டார், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை, அதில் மூன்று சாப்டியா சாப்டியா சாப்டியா. பரவாயில்லை, கூட்டிட்டு வாங்க, என்றார் டாக்டர். கூட்டி வந்தாள். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையை அவரே தேய்த்துப் போட்டுக்கொண்டார், அந்தச் சட்டையைப் பார்த்ததும்தான் அவளுக்குத் திக்கென்றது. அது பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் போடுகிற சட்டை. இருபத்தைந்து வயசிலிருந்து முப்பத்துமூன்று வயசு வரை, கணக்கில்லாமல் வந்தார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள், ஒவ்வொரு தடவையும் அந்தச் சட்டை, ஒவ்வொரு தடவையும் அதே மூன்று வாக்கியம். நல்ல பிள்ள. அவ உண்டு அவ வேல உண்டுன்னு இருப்பா. கொஞ்சம் கூச்ச சுபாவம், வேற ஒரு குறையும் கிடையாது. மூன்றாவது வாக்கியம் முடிந்ததும் துண்டால் வாயைத் துடைத்துக்கொள்வார், அதோடு சரி. எட்டு வருஷம் மனப்பாடம் பண்ணினது. அதையேதான் இப்போது உள்ளேயும் சொல்லிக்கொண்டிருப்பார். டாக்டரம்மா, ஒரு குறையும் கிடையாது. டாக்டர் எழுதிக்கொள்வார். குறை இல்லை. முடிந்தது. இத்தனை நாள் ஓடி வந்தது அந்த ஒரு வரியில் முட்டி நிற்கும்.

பிள்ளையைப் பற்றி ஊருக்கெல்லாம் நல்லதாகவே சொல்லிப் பழகின மனுஷனிடம், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள் என்று எப்படிச் சொல்வது? பஸ்ஸில் வரும்போது சொல்லிப் பார்த்தாள். அப்பா, டாக்டர் என்ன கேட்டாலும் மறைக்காமச் சொல்லணும் என்னா. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி ம் என்றார். அந்த ம் எந்த ம்? சரி என்கிற ம்மா, பேச்சை நிறுத்து என்கிற ம்மா? மனுஷர்கள் போடும் ம்மில் எத்தனை வகை உண்டு என்று மற்றவர்களுக்கெல்லாம் எப்படியோ தெரிந்திருக்கிறது, அவளுக்கு மட்டும் அதைப் பிரித்துப் பார்க்க வரவில்லை. மண்ணைக் கொடுத்தால் பிரித்துவிடுவாள். விரலால் தேய்த்தாலே போதும், வண்டல் இது, களி இது. ம்மைத் தேய்த்துப் பார்க்க முடியாது. ஒரு தடவை, கோவில்பட்டியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நல்ல மனுஷன்தான், என்ன வேலை பாக்கீங்க என்று கேட்டார். சும்மா மரியாதைக்குக் கேட்டிருக்கிறார், அது அவளுக்குத் தெரியவில்லை. கரிசல் மண் வெயிலில் ஏன் வெடிக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்தாள். அவர் ம் என்றார். அந்த ம்மைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்புச் சத்துக்குப் போனாள், ம், சாம்பல் சத்து, ம், அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், காப்பி டம்ளரில் ஆடை கட்டிவிட்டது, அவருடைய அம்மா எழுந்து வாசலுக்கே போய்விட்டாள். அவளுக்கோ அது வாழ்க்கையிலேயே நல்ல பொழுதுகளில் ஒன்று. அன்றைக்குச் சாயங்காலம் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கப் போய்விட்டார். அதுவும் ஒரு ம் தானோ என்னவோ.

இரண்டாவதாக வந்ததுதான் இந்த ஆட்டிசம் யோசனை. முதலில் வந்தது கவனச்சிதறல். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதத்தில் இரண்டு தடவை மண் மாதிரிகளின் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாள், யாரோ ஒரு விவசாயியின் மண்ணுக்கு வேறு யாருடைய பெயரோ போய்விட்டது, அவளே கண்டுபிடித்து அவளே சரி பண்ணினாள். மதுரையில் ஒரு டாக்டரைப் பார்த்தாள். ஏ.டி.எச்.டி. என்றார் அவர், மாத்திரை கொடுத்தார். முதல் மாத்திரை போட்ட அன்றைக்குப் பதினோரு மணி வாக்கில், பரிசோதனைக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தவளுக்கு, தலைக்குள் ஏதோ நின்றுபோனது தெரிந்தது. ஒரு நினைப்பு வந்தது, அது முடியும் வரை இருந்தது, அப்புறம் அடுத்தது வந்தது. இப்படித்தான் எல்லாரும் வாழ்கிறார்களா? வரிசையாகவா? அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டு மாறவில்லை. சாவி தொலையவில்லை. ஆறு மாதம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் மற்றது தலை காட்டியது. மறதி போனதும் வேறு ஒன்று அடியிலிருந்து தெரிய ஆரம்பித்தது. அலுவலகத்தில் மேஜையை இடம் மாற்றினார்கள், மூன்று நாள் சாப்பிட முடியவில்லை. பக்கத்து சீட்டு ஜெயந்தி பேனாவைத் தட்டிக்கொண்டே பேசுவாள், அந்தத் தட்டலுக்கு நடுவே பேச்சு காதில் விழாது. முன்பும் இதெல்லாம் இருந்திருக்கும், ஆனால் ஆயிரம் சத்தத்தில் ஒன்றாக இருந்திருக்கும், தனியாகக் கேட்டிராது. வேலையில் இதைப் பார்த்திருக்கிறாள். ஒரு நிலத்தில் உப்பும் உண்டு, மண்ணை இறுக்குகிற களரும் உண்டு. உப்பை மட்டும் தண்ணீர் விட்டு வடித்துவிட்டால் விவசாயி சந்தோஷப்படுவார், நாலு மாதம் கழித்து மண் இறுகிப்போய் வந்து நிற்பார், அம்மா நீங்க சொன்னபடிதான் செஞ்சேன் என்பார். தப்பு அவருடையது இல்லை. ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றைப் பார்க்காமல் சீட்டு எழுதினவர்களுடையது. அதை நினைத்துக்கொண்டே மதுரை டாக்டரிடம் போய்க் கேட்டாள், இன்னொன்றும் இருக்குமோ டாக்டர்? ஆட்டிசம்னா எல்லாம் ஒழுங்கா அடுக்கி வைப்பாங்கம்மா, உங்க கைப்பையைப் பாருங்க, என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். கைப்பையைப் பார்த்தாள். பழைய பஸ் டிக்கெட், திறந்து கிடந்த பேனா, பாதி தின்ற கடலைமிட்டாய். சரிதானே என்று தோன்றியது. ஆனால் வீட்டுக்கு வந்து அந்தப் பையைக் கவிழ்த்துப் போட்டு அழுதாளே, இப்படி இருக்கிறதே, இப்படி இருக்கக் கூடாதே என்று ஒரு மணி நேரம் அழுதாளே, அது யார்? ஒருத்தி கலைத்துப் போடுகிறாள், இன்னொருத்தி கலைந்ததைப் பார்க்கச் சகிக்காமல் துடிக்கிறாள், இருவரும் ஒரே ஆள். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

இருந்தது. அதுதான் விசேஷம். தேடிப் படிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை, மூன்று நோட்டு நிரம்பிவிட்டது. ஒரு பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் டாக்டர்களுடைய புத்தகத்திலேயே இந்த இரண்டையும் ஒரே ஆளுக்கு எழுதக் கூடாது என்று இருந்ததாம். ஒன்று இருந்தால் மற்றது இல்லை. அப்புறம்தான் மாற்றியிருக்கிறார்கள். அதைப் படித்த அன்றைக்கு அவள் வீட்டுக்குள்ளேயே வேகமாக நடந்தாள், கூடம், அடுக்களை, கூடம், அடுக்களை, அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் காலை மடக்கி வழிவிட்டார். ஒன்று இன்னொன்றை மறைக்கும். மறதிக்காரியாக இருப்பதால் ஒழுங்குக்காரி வெளியே தெரிய மாட்டாள். ஒழுங்குக்காரி ராத்திரி பகலாகப் பட்டியல் போட்டுக் காப்பாற்றுவதால் மறதிக்காரி பிடிபட மாட்டாள். ஒருத்திக்கு ஒருத்தி வேலி. முப்பத்தாறு வருஷம். ஐயோ, எவ்வளவு அழகாக இருக்கிறது இது என்று அப்போது நினைத்தாள், இப்போதும் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து அதையேதான் நினைத்தாள், தன்னைப் பற்றினது என்பதையே மறந்து, ஏதோ நல்ல கணக்கொன்று விடை வந்து விழுந்தது போல. கீழே பேக்கரியில் தட்டை வெளியே எடுத்திருப்பார்கள், வெண்ணெய் பிஸ்கட் வாசம் படியேறி வந்தது. பதினொன்று முப்பத்திரண்டு. பெண் பார்க்கிற மூன்று வாக்கியத்துக்கு இருபத்திரண்டு நிமிஷமா? அப்பா தூங்கிவிட்டாரோ?

தலைக்கு மேலே டியூப்லைட் விட்டு விட்டு எரிந்தது. அதிலிருந்து சன்னமாக ஒரு ரீங்காரம், மற்றவர்களுக்குக் கேட்காதாம், அவளுக்குப் பல்லுக்கு உள்ளே கேட்கும். அலுவலகத்திலும் இதே தொல்லைதான். ரீங்காரம் கேட்ட உடனே அந்த நினைப்பு வந்துவிட்டது, வரக் கூடாது என்று காலையிலிருந்து அவள் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த நினைப்பு. வீட்டில் ஏன் இல்லை? போன வாரம் டாக்டர் கேட்டார், வீட்டுல சத்தம், வெளிச்சம் இதெல்லாம் எப்படி இருக்கு உங்களுக்கு? யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை டாக்டர், வீட்டில் ஒரு தொந்தரவும் இல்லை, வீட்டில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாள். உள்ளது அதுதான். டாக்டர் அதை எழுதினார், எழுதிவிட்டுக் கீழே கோடு போட்டார். அந்தக் கோடு ஏழு நாளாக அவள் கூடவே வந்தது. நிஜமாகவே காதும் கண்ணும் அப்படிப்பட்டவை என்றால் வீட்டுக்குள் நுழைந்ததும் அவை மாறிவிடுமா? செருப்பைக் கழற்றுகிற மாதிரி கழற்றி வைத்துவிட்டு வருகிறோமா? அப்படியென்றால் வெளியே படுகிற பாடெல்லாம் மனசு பண்ணுகிற ஜாலமா? மூன்று நோட்டு எழுதியிருக்கிறாள். பதில் எல்லாம் மனப்பாடம். டாக்டர் கேட்கிற கேள்வி எதற்காக என்று கேட்கும்போதே தெரிகிறது. தெரிந்து சொல்கிற பதில் பதிலா? ஆசைப்பட்டு வாங்குகிற பெயர் பெயரா? ஆமாம், ஆசைதான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு இது வேண்டும். மற்றவர்கள் பயந்து ஒதுங்குகிற ஒரு வார்த்தை அவளுக்குத் தீபாவளித் துணி மாதிரி வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அது இல்லை என்றால் மிச்சம் இருப்பது பழைய பெயர்கள்தான். அசமந்தம். திமிர். முகங்கொடுத்துப் பேசத் தெரியாதவள். அம்மாவுடைய சாவு வீட்டில் வந்தவர்களின் செருப்பை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தவள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். அவள் அழுதது நாற்பது நாள் கழித்து, மொட்டைமாடியில், அம்மாவின் உள்பாவாடை காய்ந்த கயிற்றைப் பார்த்து. அதை யார் பார்த்தார்கள்? வீட்டில் ஏன் இல்லை. வீட்டில் ஏன் இல்லை. மறுபடியும் கோடு. மறுபடியும் முதலிலிருந்து. சின்ன வயசில் பாபநாசத்திலிருந்து அப்பா வண்டி நிற்கிற ஊரையெல்லாம் வரிசையாகச் சொல்வாள், விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை, ஒன்று தப்பினால் மறுபடி பாபநாசம். இப்போது அந்தக் கோட்டில் தட்டித் தட்டிப் பாபநாசத்துக்கே போய்க்கொண்டிருந்தாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. கனைப்பா? இல்லை, சிரிப்பு. ஆம்பளைச் சிரிப்பு. உள்ளே இருக்கிற ஒரே ஆம்பளை அப்பா. உலகம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். அப்பா சிரித்து அவள் கேட்டது எப்போது? டோக்கன் பெண் என்னக்கா என்றாள், ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தாள், உட்கார முடியவில்லை, மறுபடி எழுந்தாள், ஜன்னலுக்குப் போனாள், கீழே மினி பஸ் ஒன்று ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றது, திரும்பி வந்தாள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார், என்ன சொல்லிச் சிரிக்கிறார்? அந்த மூன்று வாக்கியத்தில் சிரிக்க ஒன்றும் கிடையாது. அப்படியானால் நாலாவது வாக்கியம் ஒன்று இருக்கிறது. நாலாவது, ஐந்தாவது, உள்ளே போய் நாற்பது நிமிஷம் ஆகிவிட்டதே, நூறாவது வாக்கியம் கூட இருக்கும். அப்பா பேசிக்கொண்டிருக்கிறார். இந்த எண்ணமே அவளுக்குள் பட்டாசுத் திரி மாதிரி ஓடியது. என்ன தெரியும் அவருக்கு, எதைப் பார்த்தார், எப்போது பார்த்தார்? வேலையிலிருந்து வந்த பிறகு, ரிட்டயர் ஆன பிறகு, அடுப்படியில் நின்றுகொண்டு, பேப்பருக்கு மேலே கண்ணை உயர்த்தி, எந்த நேரத்தில்? துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கதவு திறந்து டாக்டர் ஹெப்சி எட்டிப் பார்த்தார். உள்ளே வாங்க உலகம்மாள் என்றார்.

அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மேஜையில் டாக்டருடைய கோடு போட்ட தாள்கள், ஒன்று, இரண்டு, நாலு, ஐந்தாவதும் பாதி நிரம்பியிருந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. பாலர் வகுப்பில் வரிசை மாறி நின்றதற்காக அவள் மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அப்பா சொன்னாராம், அம்மா சொல்லி அவருக்குத் தெரியுமாம். லீவு நாளில் வண்டியில் கூட வந்து, நிற்கிற ஊர்களை அவள் சொல்கிற வேகத்தில் இவரே ஒரு நாள் வீரவநல்லூரில் நிறுத்த மறந்து கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாராம், சிரித்தது அதற்குத்தானாம். கோவில்பட்டி வாத்தியார் கதையும் வந்துவிட்டது. இதையெல்லாம் சொல்லிவிட்டு டாக்டர் தாளைத் திருப்பினார். போன வாரம் நீங்க வீட்டுல ஒரு தொந்தரவும் இல்லைன்னு சொன்னீங்க இல்லையா, அதைத்தான் ஐயாகிட்ட முக்கியமா கேட்டேன் என்றார். டாக்டர் படித்தார். வீட்டில் டியூப்லைட் கிடையாது, எல்லாம் மஞ்சள் பல்பு. குக்கர் பரணில் இருக்கிறது, சோறு பானையில் வடிக்கிறார். அழைப்பு மணியின் வயரைப் பிடுங்கியாயிற்று. கூடத்தில் இருந்த பெண்டுலக் கடிகாரம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. டி.வி.யில் செய்தி ஓடும், சத்தம் இருக்காது, கீழே ஓடுகிற எழுத்தை வாசித்துக்கொள்வார். அவள் வேலை விட்டு வருமுன் தாளித்து முடித்து ஜன்னலைத் திறந்து வைத்துவிடுவார்.

இல்லை டாக்டர், என்றாள் உலகம்மாள், அவசரமாக, ஏதோ தப்பான சீட்டு ஒட்டியதைத் திருத்துகிறவள் போல. அப்பாவுக்குத்தான் டியூப்லைட் பிடிக்காது. அப்பாவுக்குத்தான் குக்கர் சோறு ஆகாது. அது அப்பாவுடைய பழக்கம். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அம்மா செத்துப்போன வருஷம் அது," என்றார் குத்தாலிங்கம். "நீ கூடத்துல லைட்டப் போட்டா கண்ணச் சுருக்குவ. குக்கர் கத்துனா அடுக்களைய விட்டுட்டுப் புறவாசலுக்குப் போயிருவ. மாத்திட்டேன். இதுல சொல்லுததுக்கு என்ன இருக்கு."

பதினேழு வருஷம். அவளுக்கு ஒரே சமயத்தில் பத்து நினைப்பு வந்தது, மாத்திரை போட்டும் பத்தும் ஒன்றாகவே வந்தது. ஒவ்வொரு மாலையும் கதவைத் திறந்து உள்ளே நுழையும்போது தோள் தானாக இறங்குமே, வீடு என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தாளே, வீடு தானாக அப்படி இருந்ததில்லை, ஒருத்தர் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி அப்படி ஆக்கியிருக்கிறார், ஒரு நாளும் வாய் திறக்காமல். ஏழு நாளாகக் கூடவே வந்த கோடு அழிந்துவிட்டது. வீட்டில் ஏன் இல்லை என்பதற்குப் பதில் எதிரே வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தது. டாக்டர் மெதுவாகப் பேசினார். இரண்டும் இருக்கிறது என்றார். கவனச்சிதறல் முன்பே தெரிந்ததுதான், அது தப்பு இல்லை, ஆனால் அது பாதிதான். ஆட்டிசமும் சின்ன வயசிலிருந்தே இருக்கிறது, ஒன்றின் நிழலில் இன்னொன்று தெரியாமல் இருந்திருக்கிறது, இப்படி நிறையப் பேருக்கு உண்டு, பெண்களுக்கு வருஷக்கணக்காகத் தெரியாமலே போவதும் உண்டு. மாத்திரை தொடரட்டும், அலுவலகத்தில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று சேர்ந்து யோசிப்போம். உலகம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு பரவியிருந்ததை அவள் அறியவில்லை. ரெண்டுமா டாக்டர் என்று கேட்டாள், தெரிந்த பதிலை இன்னொரு தடவை கேட்கிற ஆசையில். ரெண்டும்தான் என்றார் டாக்டர்.

அப்பா தொண்டையைச் செருமினார். பேச்சு முடிந்ததென்று டாக்டர் பேனாவை மூடிவிட்டிருந்தார்.

"டாக்டரம்மா, எட்டு வருஷமா பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட ஒரு குறையும் கிடையாதுன்னு சொல்லியிருக்கேன். அது பொய்யாயிருச்சா?"

டாக்டர் ஹெப்சி அந்த ஐந்து தாள்களையும் எடுத்து, முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை கண்ணை ஓட்டினார். நிஜமாகவே தேடினார்.

"இன்னைக்கு முக்கால் மணி நேரம் பேசியிருக்கீங்க ஐயா. இதுலயும் நீங்க குறைன்னு எதையும் சொல்லலையே," என்றார்.

படியில் இறங்கும்போதே உலகம்மாள் ஆரம்பித்துவிட்டாள். அப்பா, ஒரு காலத்தில் இரண்டையும் சேர்த்து எழுதக் கூடாது என்று இருந்ததாம், தெரியுமா? அவர் ம் என்றார். என்ன ம் என்று இன்றைக்கு அவள் பிரித்துப் பார்க்கவில்லை. தெற்கு பஜார் வெயிலில் கிடந்தது, பூக்காரி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள், உலகம்மாள் கை வீசிப் பேசிக்கொண்டே நடந்தாள், கொஞ்சம் முன்னால் ஓடிப்போய் நின்று அவருக்கு எதிரே திரும்பிப் பேசினாள், போகிறவர்கள் பார்த்தார்கள். நிறுத்தத்து நிழலில் நின்ற பிறகுதான் அவளுக்கு வீட்டு மஞ்சள் பல்பு நினைப்புக்கு வந்தது. பாதியில் நிறுத்திக் கேட்டாள், அப்பா, பதினேழு வருஷமா உங்களுக்கு எல்லாத்தையும் விட்டுட்டு இருக்கது கஷ்டமா இல்லையா? அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே யோசித்தார், கேட்ட கேள்விக்கு உள்ள பதிலைத் தேடுகிறவராக.

"முப்பத்தோரு வருஷம் ஹாரனுக்கும் இஞ்சினுக்கும் நடுவுல உக்காந்திருந்தவன்மா நான்," என்றார். "நீ கண்ணச் சுருக்குனதாலதான் எனக்கும் தெரிஞ்சுது, அந்த லைட்டு எம்புட்டுக் கூசுதுன்னு. எனக்கும் அது நல்லாத்தான் இருந்துச்சு."

உலகம்மாள் அவரை உற்றுப் பார்த்தாள். உங்களுக்குமா அப்பா என்று கேள்வி ஒன்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இருக்கட்டும், ஒரு நாள் கேட்கலாம், இப்போது சொல்ல வேண்டியது ஏராளம் இருக்கிறது. கரிசல் மண் வெயிலில் ஏன் வெடிக்கிறது தெரியுமா அப்பா, என்று விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள், அதுக்குள்ள இருக்கிற களிமண் தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும், தட்டு தட்டா, புத்தகத்துப் பக்கம் மாதிரி, ஒவ்வொரு தட்டுக்கும் நடுவுல. அப்போது அவர்களுடைய பஸ் வந்தது. கூட்டமே இல்லை, ஜன்னலோரம் இரண்டு சீட்டு சேர்ந்தாற்போலக் காலியாக இருந்தது. டிரைவர் பழைய ஆள், அடையாளம் கண்டுகொண்டு, ஏறுங்கண்ணே என்று குனிந்து கூப்பிட்டார். குத்தாலிங்கம் பஸ்ஸைப் பார்த்தார், பாதி வாக்கியத்தில் கையை விரித்தபடி நின்ற மகளைப் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்து, நீ போ, என்று கையைக் காட்டினார்.